பருத்தியிற் பிறந்த கணக்கு

தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை நாகபுரியைக் கடந்தபின் சேவாகிராமம் என்னும் நிலையத்தின் வழியே தெற்கு நோக்கிச் செல்கிறது. வடநாட்டில் வாழும் தமிழ் நேயர்களுள் பலர் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் இந்நிலையத்தைச் சன்னல் வழியே கண்டிருப்பர். சுற்றிலும் கரிசல் நிலம். ஆனி மாதத்து மழை கண்டவுடன் பருத்தி விதைப்பர். ஐப்பசி, கார்த்திகையில் காய் வெடித்து வயல் வெளுக்கும். அப்பருத்தியையும் அதன் பருவத்தையும் கொண்டே சிறுவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் முயற்சியொன்று இவ்வூரில் நடந்தது. அதன் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கல்வி மாநாடு கூடிற்று. அங்கு அமைக்கப்பெற்ற குழுவிற்குப் பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன் தலைவரானார். உறுப்பினருள் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தனர். ஆரியநாயகம் தாகூரின் சாந்திநிகேதனத்தில் பணியாற்றியவர். அவரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்திலேயே தங்கி இக்கல்வியை வளர்த்தனர். ‘நயீ தாலீம்’ என்று இந்தியில் வழங்கிய அது, தமிழில் ‘ஆதாரக் கல்வி’ எனப் பெயர் பெற்றது.

குழுவின் கால அட்டவணையைப் பார்ப்பவர் முதலில் திகைப்பர். பள்ளி நேரம் ஐந்தரை மணி. அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். கணக்கு, இசை, ஓவியம் ஆகிய மூன்றிற்கும் சேர்த்து 40 நிமிடமே! கணக்கைப் புறக்கணித்துவிட்டனரோ என்று ஐயுற வேண்டா. கைத்தொழிலுக்கு உரிய நேரத்திலேயே கணக்கின் பெரும்பகுதி நிகழும் என்பதே அவர்கள் கருத்து.

அது நிகழும் முறையைச் சிறிது விரித்துக் கூறுவேன். பருத்தி பறித்து வந்த சிறுவன் அதை நிறுக்கிறான். கொட்டையை நீக்கிய பின் பஞ்சைத் தனியே நிறுக்கிறான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சு, எஞ்சியது கொட்டை. பின்னம் என்னும் சொல்லைக் கேட்பதற்கு முன்பே பின்னம் அவன் தராசில் நின்றுவிடுகிறது. பிறகு பஞ்சைக் கொட்டிப் பட்டையாக்கித் தக்ளியில் நூற்கிறான். நூற்றதைச் சட்டத்திற் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு நான்கு அடி; 160 சுற்று கால் சிட்டம்; 640 சுற்று ஒரு முழுச் சிட்டம். நாளொன்றுக்கு 40 சுற்று நூற்பவனுக்குச் சிட்டம் நிறைய எத்தனை நாள் ஆகும்? பதினாறு நாள் என்று வகுத்துச் சொல்கிறான். விடை சரியா என்பதைப் பதினாறாம் நாள் சட்டமே சொல்லிவிடும். ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை.

இதனினும் நுட்பமானது நூலின் நம்பர். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ, ஏறக்குறைய அதுவே நம்பர். ஒரு சிட்டம் 4 தோலா நிறுத்தால் அது 10-ஆம் நம்பர் நூல். 2 தோலா நிறுத்தால் 20-ஆம் நம்பர். எடை குறையக் குறைய எண் கூடுகிறது. தலைகீழ் விகிதம் என்று மேல்வகுப்பில் சிறுவரை மருட்டும் பாடம், இங்கே விரல் நுனியில் உணரப்படும் மென்மையாகிவிடுகிறது. பருவமும் இக்கணக்கிற் புகும். மழைக்காலத்து ஈரக்காற்றில் இழை எளிதில் அறாது. வேனிலில் அடிக்கடி அறும். ஆடியிலும் சித்திரையிலும் எழுதிய நூற்புக் கணக்குகளை அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். காரணம் கேட்கும் சிறுவனுக்கு அதுவே அறிவியற் பாடம்.

இவ்வாறு தொழிலோடு பாடத்தை இணைக்கும் முறையை இந்தியில் ‘சமவாய்’ என்றனர். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இச்சொல்லின்பால் தனிப்பற்று உண்டு. தர்க்க நூலார் வழங்கிய சொல் அது. நூலும் ஆடையும் போலப் பிரிக்கவொண்ணாத இயைபைக் குறிப்பது. ‘தொடர்புபடுத்துதல்’ என்னும் நம் அலுவலகத் தமிழில் அப்பொருள் பாதி ஒழுகிவிடுகிறது.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளியின் முறை வேறு. எண்சுவடியை உருப்போட்டு, 320-இல் ஒரு பங்காகிய முந்திரி வரை ஒப்புவித்த பிள்ளைகள் அவர்கள். நினைவு முதலில், நெல்லும் நிலமும் பிறகு. அதனை இகழ்வதற்கில்லை, கணக்கில் வல்லவர் பலரை அது ஆக்கித் தந்தது. சேவாகிராமம் அவ்வரிசையை மாற்றிற்று.

மாற்றம் நாடெங்கும் பரவியபோது இடர் தோன்றிற்று. மாணவர் உழைப்பின் பயன் நாளடைவில் ஆசிரியர் ஊதியத்தை ஈடுசெய்யும் என மாநாட்டின் தீர்மானம் எதிர்பார்த்தது. பொருளியல் அறிஞர் கே. டி. ஷா அப்போதே இதனை மறுத்தார். அவர் அஞ்சியது நியாயமே. நூலின் அளவு பள்ளியின் வரவு ஆகிவிட்டால், சிட்டத்தை எண்ணுவது பிள்ளையின் அறிவிற்காகவா, பள்ளியின் பேரேட்டிற்காகவா? ஆர்வமும் பயிற்சியும் இல்லாத இடங்களில் தக்ளி வெறும் சடங்காயிற்று. பாடத்தைத் தொழிலோடு வலிந்து ஒட்டவைத்தனர்.

1953-இல் சென்னை இராச்சியத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இதனோடு சேர்த்துப் பேசப்படுவதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப்பொழுதில் பிள்ளை பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது அத்திட்டம். குலத்தொழிலிலேயே பிள்ளைகளை நிறுத்திவிடும் என்று எதிர்ப்பு மூண்டது. 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார். அவ்வெதிர்ப்பில் உண்மை இருந்தது. சேவாகிராமத்தில் எக்குலத்துப் பிள்ளையும் ஒரே தக்ளியை எடுத்தான். அருகே ஆசிரியர் தராசும் வினாவுமாக நின்றார். பிற்பகலில் வீடு திரும்பிய பிள்ளைக்கு அவ்வினாவை எழுப்புவார் யார்?

1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு ‘செயல் அனுபவம்’ என்னும் புதுப்பெயரால் இக்கருத்தின் ஒரு பகுதியைக் காத்தது. இடையே நின்றுபோன சேவாகிராமப் பள்ளி 2005-இல் ‘ஆனந்த நிகேதன்’ என்னும் பெயரோடு மீண்டும் திறக்கப்பெற்றது. தோட்டமும் அடுப்படியும் நூற்பும் அங்கே பாடங்களோடு இணைந்துள்ளன. இதற்குள் தோலாவும் அடியும் வழக்கொழிந்து, கதர்ச் சிட்டமும் 1000 மீட்டராகிவிட்டது. 640-ஐ வகுத்த அக்காலப் பிள்ளைகளைவிட இக்காலப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சற்றே எளிது.