கவீந்திராசாரிய சரசுவதியும் யாத்திரை வரி நீக்கமும்

கவீந்திராசாரிய சரசுவதி 17ஆம் நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த சந்நியாசி, வடமொழிப் பண்டிதர். கோதாவரிக் கரையில் பிறந்தவர். காசிக்கும் பிரயாகைக்கும் நீராட வந்த இந்துக்களிடம் அறவிடப்பட்ட வரியை நீக்கும்படி முகலாயப் பேரரசர் ஷாஜஹானிடம் (ஆட்சி 1628–1658) முறையிட்டு, அதை நீக்கச் செய்தவர்.

இந்த வரி பழையது. அக்பர் 1563இல் இதனை ஒழித்தார்; பின்னர், யாத்திரை வரி பற்றிய சமணத் துறவி ஹீரவிஜய சூரியின் வேண்டுகோளுக்கும் அவர் செவிசாய்த்தார். ஆனாலும் ஷாஜஹான் காலத்தில் வரி திரும்பி வந்துவிட்டது.

அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோரைக் கண்டு பழகிய இலங்கையின் கிழக்குக் கரையாருக்கு இவ்வரியின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகச் சோறு வாங்கி உண்டு நடப்பவரிடம் ஆற்றங்கரையில் காசு கேட்பது, ஏழையின் வழிபாட்டைத் தடுப்பதேயாகும்.

வரி நீங்கியதும் பண்டிதர்கள் கவீந்திரரைக் கொண்டாடினர். அவர்கள் பாடிய வடமொழி வாழ்த்துகள் ‘கவீந்திர சந்திரோதயம்’ என்றும், இந்திப் பாடல்கள் ‘கவீந்திர சந்திரிகை’ என்றும் தொகுக்கப்பட்டன. வெற்றியின் வரலாறு நமக்குக் கிடைப்பது இவற்றிலிருந்துதான். அரசவையின் பாரசீக வரலாறுகளோ அவரைத் துருபத் பாடல்களில் தேர்ந்த சந்நியாசியாகவே காட்டுகின்றன. இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் முழுமையாகத் தெரிகிறார்: பேரரசரின் செவி அவருக்குக் கிடைத்ததில் அவருடைய கலைக்கும் பங்கு உண்டு என்று கொள்வதே பொருத்தம்.

‘சர்வவித்யாநிதான’ என்ற பட்டத்தையும் அவர் பெற்றார். காசியில் 2000 ரூபாய் அரச மானியம் பெற்ற தலைமைப் பண்டிதர் ஒருவரைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே 1667இல் எழுதினார். பெயர் சொல்லாவிட்டாலும், அவர் கவீந்திரரே என்பது ஆய்வாளர் கருத்து. ஷாஜஹானுக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஔரங்கசீப் அம்மானியத்தை நிறுத்தியபின், அதை மீட்கப் பண்டிதர் தானிஷ்மந்த் கான் என்ற பிரபுவின் உதவியை நாடினார். பிறர் மீதான வரியை நீக்க மன்றாடியவர் தம் மானியத்துக்காகவும் அரண்மனை வாசலை நாட வேண்டியிருந்தது.

அவருடைய நூலகப் பட்டியல் 2000க்கும் மேற்பட்ட சுவடிகளைக் குறிக்கிறது. அது 1921இல் பரோடாவில் அச்சானது.

பிரயாகை யாத்திரிகர்களின் துன்பம் அத்தோடு முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும் அங்கே வரி வாங்கியது. பூரியிலும் 1806இல் மீண்டும் விதித்தது. பிரயாகை, கயை, பூரி ஆகிய மூன்று தலங்களிலும் யாத்திரை வரியை ஒழித்தது 1840ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம்.