பவளத் தொட்டிகளில் வேண்டா உயிரிகள்

பவளத் தொட்டி என்பது கடல்நீரில் பவளங்களையும் மீன்களையும் வீட்டில் வளர்க்கப் பயன்படும் கண்ணாடித் தொட்டி ஆகும். வளர்ப்பவர் இடாமலேயே பாறைகளிலும் பவளத் துண்டுகளிலும் ஒட்டிக்கொண்டு இத்தொட்டிக்குள் வந்து சேரும் விலங்குகள் வேண்டா உயிரிகள் எனப்படுகின்றன. இவற்றுட் சில தொட்டியையே பாழாக்க வல்லவை, பல தீங்கற்றவை. இனம் அறியாமல் கொல்ல முற்படுவதால் நேரும் கேடு, சில வேளைகளில் அவ்வுயிரி செய்யும் கேட்டினும் பெரிது.

வந்து சேரும் வழி

தொட்டியின் அடித்தளமாக அமைவது உயிர்ப்பாறை ஆகும். கடலிலிருந்து எடுக்கப்படும் இந்நுண்துளைப் பாறையில் வாழும் பாக்டீரியாக்கள் மீன்களின் கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மை செய்கின்றன. அதே துளைகளில் புழுக்களும் நண்டுகளும் முட்டைகளும் மறைந்திருக்கும்.

இனங்காணல்

இவற்றுட் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை. விளக்கு அணைந்து ஓரிரு மணி நேரத்திற்குப் பின் சிவப்பு ஒளியில் பார்ப்பது வழக்கம். தூரிகைப் புழு எனப்படும் சுணையுடைய சிறு புழுவைக் கண்டதும் புதியவர்கள் அஞ்சுவர். இவற்றுட் பெரும்பாலானவை மிஞ்சிய இரையையும் இறந்த உயிரினங்களையும் உண்ணும் துப்புரவாளர்கள். இறந்த மீனின் மேல் இவை மொய்த்திருந்தால் இவையே கொன்றன என்று பொருளன்று. (இவற்றின் சுணை கையில் தைத்தால் எரியும், வெறுங்கையால் தொடலாகாது.) பவளக் கிளைகளுக்கிடையே வாழும் டிரபீசியா நண்டோ, தன் பவளத்தை முள்முடி நட்சத்திர மீனிடமிருந்து காக்கும் காவலன் ஆகும். நண்டு என்பதற்காக அதை அகற்றுவது தவறு.

இரவில் சொடுக்குவது போன்ற ஒலியும் உடைந்த நத்தை ஓடுகளும் மான்டிஸ் இறாலைக் காட்டிக் கொடுக்கலாம். காரணமின்றிப் பவளங்கள் துண்டாகிக் கிடந்தால் யூனிசு வகைப் பெரும் புழுவை ஐயுறலாம். 2009-ல் இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்றில் பவளங்களும் மீன்களும் தாக்கப்பட்டு வந்தன. தொட்டியைப் பிரித்தபோதே ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள அப்புழு அகப்பட்டது.

கண்ணாடி அனிமோன்

மிகுந்த தொல்லை தருவது எக்சைப்டேசியா எனும் கடல் அனிமோன் ஆகும். ஐப்டேசியா என்ற பழைய பெயரே இன்றும் பெருவழக்கு. பழுப்பு நிறமும் மெல்லிய நீண்ட உணர்கொம்புகளும் உடைய இது, தொட்டவுடன் துளைக்குள் சுருங்கிவிடும். அருகிலுள்ள பவளங்களைக் கொட்டிப் புண்ணாக்கும். இதைச் சுரண்டி எடுக்க முயல்வதே பெரும் பிழை. இதன் அடிப்பாதத்திலிருந்து பிரியும் சிறு துணுக்கும் தனி விலங்காக வளரக்கூடியது. ஆகவே ஒன்றை நசுக்கியவர் சில வாரங்களில் பலவற்றைக் காண நேரிடும்.

நீரோட்டப் பொறியை நிறுத்தி, சுண்ணாம்புக் குழம்பை ஊசிக்குழலால் இதன் வாயில் இடுவது எளிய முறை. நீரின் காரத்தன்மை ஏறிவிடும் என்பதால் ஒரு நாளில் சிலவற்றுக்கு மட்டுமே இடவேண்டும். பெப்பர்மிண்ட் இறால் இதை உண்ணும், எனினும் எல்லா இறால்களும் உண்பதில்லை; அதைப் போலவே தோன்றும் ஒட்டக இறாலை வாங்கிவிட்டால் அது பவளத்தையே கடிக்கும். பெர்கியா என்னும் ஓடற்ற கடல் நத்தை கண்ணாடி அனிமோனை மட்டுமே உண்பது. அது தீர்ந்ததும் பட்டினியால் இறந்துவிடும்.

வளர்ப்போர் வெறுக்கும் இவ்வினம் ஆய்வாளர்களுக்கு விருப்பமானது. பவளத்தைப் போன்றே உடலினுள் பாசியைக் கொண்டுள்ளதாலும் எளிதில் பெருகுவதாலும், பவள வெளிறலை ஆராய இதனையே ஆய்வகங்களில் வளர்க்கின்றனர். இதன் மரபணுத்தொகுதி 2015-ல் வெளியிடப்பட்டது.

தடுப்பும் எச்சரிக்கையும்

புதிய பவளத்தைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கண்காணிப்பதே சிறந்த தடுப்பு. மீன் நோய்களுக்கான செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் இடலாகாது. அது முதுகெலும்பில்லா உயிரினங்கள் அனைத்திற்கும் நஞ்சாகும்.

எல்லாவற்றையும் ஒழிக்க எண்ணிப் பாறையைக் கொதிக்க வைப்பது வளர்ப்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். பாறைகளில் ஒட்டி வரும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் உள்ளது. மூரும் சோயரும் 1971-ல் பிரித்தெடுத்து அறிவித்த இந்நஞ்சு மிகக் கொடியது. கொதிநீரின் ஆவியுடன் இது நுரையீரலை அடையும். தேய்த்துக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் கண்ணையும் தாக்கும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயர் பகுதியில் தொட்டியிலிருந்த பவளத்தைத் துப்புரவு செய்த ஒரு வீட்டாரும், உதவிக்கு வந்த அவசரப் பணியாளர்களும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.