சான்றிதழ்த் தலைப்பில் ஓல்டு இங்கிலீஷ்: நெகிரி செம்பிலான் தோட்டப்பள்ளி வழக்கு

அச்சகங்களில் ஓல்டு இங்கிலீஷ் எனப்படும் அலங்கார எழுத்துரு, அகன்ற முனைப் பேனாவால் எழுதிய இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்தின் வழிவந்தது. இதில் வளைவுகள் முறிந்து கோணங்களாகின்றன; அதனால் இது முறிவெழுத்து. தடித்த நெடுங்கோடுகள் நெருங்கி நிற்பதால் பக்கம் கருமையாகத் தோன்றும். 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியமும், 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியமும் இவ்வினத்து எழுத்தில் அமைந்தவை. ரோமன் எழுத்து வாசிப்புக்குரியதாக நிலைபெற்றதும், இது தலைப்புக்கும் பத்திரத்துக்கும் ஒதுங்கியது. லண்டன் டைம்ஸ் 1932இல் இதைத் தன் பெயர்ப்பட்டையிலிருந்து நீக்கியது. நியூயார்க் டைம்ஸ் இன்றும் விடவில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இவ்வெழுத்தைக் காண உகந்த இடம் பள்ளிப் பரிசளிப்பு விழா. ரந்தாவ், சிலியாவ், லாபு வட்டாரத் தோட்டங்களை பிரிட்டிஷ் நிறுவனங்கள் நடத்திய காலத்தில், ஆங்கிலச் சட்டப் பத்திரங்களின் முதற்சொற்களை இவ்வெழுத்தில் அச்சிடுவது மரபாக இருந்தது. பின்னாளில் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் தொகுப்போடு ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட் கணினிக்கு வர, பள்ளி அலுவலகமே ‘சிஜில்’ எனப்படும் சான்றிதழின் தலைப்பை அதில் அமைக்கலாயிற்று. இங்கு எழுத்துரு உணர்த்துவது பழமையை அன்று, அதிகாரத்தை. இவ்வெழுத்தில் ஒரு பத்திகூடப் படித்திராத பெற்றோரும் அதை முத்திரைபோல் மதித்துச் சட்டமிட்டு மாட்டுகின்றனர்.

பெருவழு ஒன்றுண்டு: தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அமைப்பது. இவ்வகைப் பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் தனித்து நிற்க வரையப்பட்டவை. வரிசையாக நின்றால் கொடிப்பின்னலாகிவிடும். முதலெழுத்து மட்டும் பெரிதாக இருப்பதே முறை.

அதே தாளின் தமிழ் வரிக்கு இணையான முறிவெழுத்து தேடுவது வீண். ஓலையில் எழுத்தாணி கீறி வளர்ந்த தமிழ் வரிவடிவத்தில் சுழியே எழுத்தை வேறுபடுத்துகிறது. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டையும் கோணமாக முறித்தால், கண் கோடுகளை எண்ணத் தொடங்கும். லத்தீன் முறிவெழுத்தில் சிறிய எம், என், யூ மயங்குவதும் இக்காரணத்தால்தான். தரங்கம்பாடிக்கு 1713இல் வந்த தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உருவானவை. தம் மொழியை முறிவெழுத்தில் அச்சிட்ட அந்நகரத்தாரும் தமிழை அவ்வாறு முறிக்கவில்லை. ஆகவே தலைப்பின் கருமைக்கு ஈடாகத் தடித்த, சுழி திறந்த தமிழ் எழுத்துருவே பொருந்தும்.

மாணவர் பெயருக்கு ஓல்டு இங்கிலீஷ் ஆகாது. பெயர் அடையாள அட்டையோடு ஒத்திருக்க வேண்டிய ஆவணத்தில், மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பவற்றின் சாய்கோடு பக்கத்துக் கோடுகளோடு கலந்துவிடும். எஸ், ஜி போன்ற பெரிய எழுத்துகளும் மயங்கும். பெயரும் தேதியும் ரோமனில் அமைவதே தக்கது.