காபி இலையும் கண்ணாடித் தகடும்

1869-இல் இலங்கையின் ஊவாப் பகுதியில், மடுல்சீமைக் காபித் தோட்டங்களில் ஒரு புது நோய் தலைகாட்டியது. இலையின் மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளி; திருப்பிப் பார்த்தால் அதே இடத்தின் அடிப்புறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடி. புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தபின் இலை உதிர்ந்துவிடும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவெய்ட்ஸ் இந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை ஆய்வில் பேர்பெற்ற பாதிரியார் பெர்க்லி அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, புரூம் என்பவரோடு சேர்ந்து, அந்த ஆண்டே அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். நோய் தோன்றிய ஆண்டிலேயே காரணமும் பிடிபட்டுவிட்டது என்றுதான் இந்த வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் 1869-இல் கிடைத்தது பெயர் மட்டும்தான். நோய் என்னவென்று விளங்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பறித்துக் காயவைத்த இலையைப் பார்த்துப் பூஞ்சையை அடையாளம் காணலாம். அது செடிக்கு என்ன செய்கிறது என்பதை உயிரோடு நிற்கும் இலையில்தான் காண முடியும் என்பதே அந்த இடைவெளி சொல்லும் பாடம்.

பெர்க்லி கண்டதில் பிழை எதுவும் இல்லை. இந்தப் பூஞ்சையின் வித்துக்களைப் பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார்: ஒரு பக்கம் மேடிட்டு முள்முள்ளாகவும் மறுபக்கம் தட்டையாக வழுவழுப்பாகவும் இருக்கும். அவை இலைத்துளைகளின் வழியே கொத்துக் கொத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வித்து எங்கிருந்து வந்தது, எந்த வழியாக உள்ளே நுழைந்தது, அதுதான் நோய்க்குக் காரணமா, அல்லது நலிந்த இலையில் பிறகு வந்து குடியேறியதா என்ற கேள்விகளுக்கு உலர்ந்த இலையில் விடை இல்லை. அந்த வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்பின. மண் சத்திழந்துவிட்டது என்றும் பருவமழை மாறிவிட்டது என்றும் தோட்டத்துரைமார் பலர் நம்பினார்கள். நுண்ணோக்கி கையில் இருந்தவர்களும் தப்பவில்லை. காபிச் செடியின் பட்டையிலும் இலையின் மேலும் படர்ந்திருந்த மெல்லிய இழைகளைப் பார்த்து, நோய்ப்பூஞ்சையின் ஒரு பருவம் அது என்று சிலர் முடிவுகட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்த அந்த இழைகளை அழிக்கவே கந்தகமும் சுண்ணாம்பும் தூவப்பட்டன.

1880-இல் அரசு அனுப்பிய இளம் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு வந்து சேர்ந்தபின் இந்தக் குழப்பம் தீர்ந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நோயற்ற இலைகளின் அடிப்புறத்தில் வித்துக்களைத் தண்ணீரோடு வைத்தார். ஈரம் இருந்தால் வித்து முளைக்கும் என்றும், முளைக்குழல் ஊர்ந்து இலைத்துளை வழியே உள்ளே புகும் என்றும் கண்டார். வாரக்கணக்கில் காத்திருந்தபோது, வித்து வைத்த இடத்திலேயே மஞ்சள் புள்ளி எழுந்து, அதிலிருந்து புதிய வித்துக்கள் வெளிவந்தன. உள்ளே புகுந்த பூஞ்சை இலைக்குள்ளேயே வளர்கிறது, பட்டையில் படர்ந்த இழைகள் சம்பந்தமே இல்லாத வேறு பூஞ்சைகள் என்பது இதனால் தெளிவானது. தோட்டங்களில் பிசுபிசுப்பான பொருள் தடவிய கண்ணாடித் தகடுகளையும் வைத்தார். அவற்றில் ஒட்டியிருந்த வித்துக்கள், நோய் காற்றில் பறந்து பரவுகிறது என்பதற்குக் கண்கூடான சாட்சி. மலைமலையாக ஒரே பயிர் நட்டிருப்பதுதான் பூஞ்சைக்குத் தடையற்ற பாதை ஆனது என்று அவர் எழுதியது, இந்தச் சோதனைகளின் பலத்தில்தான்.

அன்றே எழுந்த மறுப்பு ஒன்று: நன்றாக உரமிட்ட தோட்டம் தாக்குப்பிடிக்கிறதே, அப்படியானால் மூலகாரணம் மண்தானே? உரமிட்ட செடி உதிர்ந்த இலைக்கு ஈடாகப் புது இலை விடுகிறது, அவ்வளவுதான். கொழுத்த இலையிலும் வித்து முளைக்கவே செய்கிறது என்பது சோதனை தந்த விடை. இன்னொரு மறுப்பு கனமானது. வார்டு இத்தனையும் கண்டுபிடித்தும் காபி பிழைக்கவில்லையே? 1870 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு காபி ஏற்றுமதி செய்த நாட்டில், இருபது ஆண்டுக்குள் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. விலை வீழ்ச்சியும் 1884-இல் ஓரியண்டல் வங்கி முறிந்ததும் அதில் பங்கு வகித்தன என்பது மெய். ஆயினும் நோயறிதல் வேறு, மருந்து வேறு. திராட்சையின் பூஞ்சை நோய்க்கான போர்டோ கலவையே 1885-இல்தான் வெளிவந்தது. இலைக்குள் நுழைந்துவிட்ட பூஞ்சையை வெளியே தூவும் பொடி தொடாது. வித்து முளைக்கும் முன்பே இலையைக் காக்கவேண்டும் என்பதை வார்டின் ஆய்வு காட்டியது. காபி போன மலைகளில் தேயிலை ஏறியது. காபிப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையால் தோட்டக் குடியிருப்புகளான லயங்களிலேயே நிலைத்தார்கள். இலையின் அடிப்புறத்துப் பொடி ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவிதியையும் மாற்றியது.

நுண்ணோக்கியின் எல்லையை இந்தியாவின் மைசூர்ப் பகுதி மேலும் துல்லியமாகக் காட்டியது. அங்கே நோயைத் தாங்கும் எனப் பயிரிடப்பட்ட காபி வகைகள் சில ஆண்டுகளில் மீண்டும் இதே நோய்க்கு ஆளாயின. இந்தப் பூஞ்சைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு என்று அங்கு ஆய்வு செய்த மேயின் 1930-களின் தொடக்கத்தில் நிறுவினார். வித்தின் வடிவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த இனங்களைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு காபி வகைகளின் உயிருள்ள இலையில் ஏற்றி, எது நோயுறுகிறது, எது தப்புகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு வெளிப்படும். எஸ்.795 முதலான பிற்கால ரகங்கள் இப்படிப்பட்ட சோதனைகளின் வழியில் வந்தவை. இன்று கைபேசியில் பொருத்தும் சிறு லென்சு மலிவாகக் கிடைக்கிறது. இலையில் ஒரு பொடியைப் படமெடுத்தவுடன் நோய் தெரிந்துவிட்டது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. படத்தில் தெரிவது அங்கே இருப்பதுதான். அதுதான் நோயை உண்டாக்கியதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தேடாமல் மருந்து அடிப்பவர், பட்டையில் தெரிந்த இழைகளின் மேல் கந்தகம் தூவியவர்களின் தவறையே திரும்பச் செய்கிறார்.