சின்னஞ்சிறு கிளியே (பாடல்)

சுப்பிரமணிய பாரதியாரின் கவிதை. 'மணமகள்' (1951) திரைப்படத்துக்காக சி. ஆர். சுப்பராமன் இதை ராகமாலிகையாக மெட்டமைத்தார், எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். கச்சேரியில் பாடப்படும் கீர்த்தனையின் சாயலைச் சினிமா எடுத்துக்கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். இந்தப் பாட்டு எதிர்த்திசையில் போனது. திரையிலிருந்து மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் மேடைக்கு ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

கவிதை 'கண்ணன் பாட்டு' தொகுதியில் 'கண்ணம்மா – என் குழந்தை' என்ற தலைப்பில் உள்ளது. பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோது, 1917இல், பரலி சு. நெல்லையப்பர் அந்தத் தொகுதியை வெளியிட்டார். கண்ணனைத் தோழன், தாய், தந்தை, சேவகன், அரசன் என்று பல உறவுகளில் காணும் அந்த வரிசையில், பராசக்தியையே மடியில் தவழும் பெண் குழந்தையாகப் பார்க்கும் பாட்டு இது. மொத்தம் பத்துக் கண்ணிகள். பாரதியார் இதற்குப் பைரவி ராகத்தையும் ரூபக தாளத்தையும் குறித்திருந்தார். மாதிரிக்கு ஒரு சுர வரிசையும் கொடுத்துவிட்டு, பாடுகிறவர் தம் மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடட்டும் என்று எழுதிவைத்தார். மெட்டைப் பூட்டிவைக்காமல் பாடுகிறவர் கையில் விட்ட இந்தப் பெருந்தன்மையைப் பாட்டின் பிற்கால வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாரதியார் 1921இல் திருவல்லிக்கேணியில் காலமானார். அடுத்த கால் நூற்றாண்டில் அவருடைய பாடல்களைப் பரப்பியதில் டி. கே. பட்டம்மாளின் கச்சேரிகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் பெரும் பங்குண்டு. ஏவி. மெய்யப்பன் தயாரித்த 'நாம் இருவர்' (1947) படத்திலும் அவரே பாரதி பாடல்களைப் பாடினார். இசைத்தட்டிலும் திரையிலும் பாரதி பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. பாரதி பொதுச்சொத்தாக வேண்டும் என்ற குரல் வலுத்ததும், 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து 'மணமகள்' வந்தது.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதிய படம் அது. பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக நிறுத்தியதும் அதுவே. படத்தை இன்று பார்ப்பவர்கள் குறைவு; பாட்டைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு.

சுப்பராமன் பைரவியை எடுத்துக்கொள்ளவில்லை. காபி, மாண்டு, வசந்தா, திலங், சிவரஞ்சனி, நீலமணி என்று ராகமாலிகையாகக் கோத்தார். இந்தத் தேர்வைக் கூர்ந்து கேட்டால் அவருடைய கெட்டிக்காரத்தனம் புரியும். காபியும் மாண்டும் திலங்கும் சிவரஞ்சனியும் கச்சேரியின் கடைசிப் பகுதியில் வரும் மெல்லிய ராகங்கள். தாலாட்டுக்கும் கொஞ்சலுக்கும் இணங்கிப்போகிறவை. அவற்றின் நடுவே, தாய் குழந்தையின் உச்சியை முகரும் இடத்தில், வசந்தா என்ற கனமான ராகத்தை வைத்தார். கொஞ்சல் அங்கே ஒரு கணம் நின்று பெருமிதமாக நிமிர்கிறது. குழந்தையின் கண்ணில் நீர் வழியும் கண்ணிக்கு சிவரஞ்சனி. அந்த ராகத்துக்குள் குரல் நுழையும்போது அரங்கில் பேச்சுச் சத்தம் அடங்குவதை மார்கழிதோறும் கேட்கலாம். நீலமணி அதிகம் பாடப்படாத ராகம். பல ரசிகர்களுக்கு அதன் அறிமுகமே இந்தப் பாட்டுதான்.

மேடைக்குக் கொண்டுவந்தவர் வசந்தகுமாரி. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, 1977இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். சினிமாவில் பாடியதைக் கச்சேரியில் பாடினால் மதிப்புக் குறையும் என்று நினைத்த காலத்தில், தம் திரைப்பாட்டையே சபாவில் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும். அவருக்கு அது இருந்தது. அவருடைய சிஷ்யை சுதா ரகுநாதன், நித்யஸ்ரீ மகாதேவன், பாம்பே ஜெயஸ்ரீ என்று அடுத்தடுத்த தலைமுறைப் பாடகியர் இதைத் தொடர்ந்து பாடியிருக்கிறார்கள். ஆண் குரலில் இதற்குத் தனி இடம் தேடித்தந்தவர் மகாராஜபுரம் சந்தானம். தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா இருக்கும் கிரிஃபித் சாலை இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பரதநாட்டிய மேடையில் தாயின் அபிநயத்துக்கு ஏற்ற உருப்படியாகவும் இது பழகிவிட்டது.

கச்சேரியில் இதற்கான இடம் தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு, துக்கடாக்களின் வரிசையில், மங்களத்துக்குச் சற்று முன்னால். ரசிகர்கள் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்பதும் உண்டு. பத்துக் கண்ணிகளையும் பாடுவதில்லை. சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பாடுவதே வழக்கம். ஒரு ராகம் முடிந்ததும் வயலின்காரர் அடுத்த ராகத்தை இரண்டு மூன்று பிடிகளில் காட்டிவிட்டால் போதும், முன்வரிசையில் உதடுகள் சொற்களை முந்திக்கொண்டு அசையும். வீணையிலும் புல்லாங்குழலிலும் வாசிக்கும்போதும் அப்படித்தான். சொல்லைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

அமெரிக்க ஜாஸ் இசையிலும் இப்படி வெகுஜனப் பாட்டுகள் மேடைக்குப் பொதுவாவது உண்டு. அங்கே அவற்றை 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1959இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்காக மெட்டமைத்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை, மறு ஆண்டே ஜான் கோல்ட்ரேன் சாக்ஸஃபோனில் 13 நிமிடத்துக்கு மேல் விரித்து ஒலிப்பதிவு செய்தார். அங்கே மெட்டு புறப்படும் இடம்தான். போகும் தூரம் கலைஞரின் கற்பனை. இங்கே நடந்தது வேறு. ஆலாபனை, நிரவல், கற்பனைஸ்வரம் எல்லாம் கச்சேரியின் முற்பகுதியிலேயே நிறைவாகிவிடுகின்றன. இந்தப் பாட்டில் சங்கதிகள் ஆளுக்கு ஆள் மாறலாம், கார்வை நீளலாம். ராக வரிசை பெரும்பாலும் 1951இல் அமைந்ததுதான். மாற்றிப் பாடும் உரிமையைப் பாரதியார் கொடுத்திருந்தும், பாடகர்கள் சுப்பராமனையே தேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் பாட்டை அறிவிக்கும்போது பாரதியார் பெயரும் ராகமாலிகை என்ற சொல்லும் மட்டுமே பெரும்பாலும் காதில் விழுகின்றன. சுப்பராமன் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அவர் 1952இல், 28 வயதில் காலமானார். முடிக்காமல் விட்ட 'தேவதாஸ்' பட வேலையை உதவியாளர்களான எம். எஸ். விஸ்வநாதனும் டி. கே. ராமமூர்த்தியும் முடித்தார்கள். அந்த விஸ்வநாதன் 1987இல் 'நீதிக்குத் தண்டனை' படத்துக்காக இதே கவிதைக்கு வேறு மெட்டு அமைத்தார். கே. ஜே. யேசுதாஸுடன் அதைப் பாடிய ஸ்வர்ணலதாவுக்குத் திரையில் அதுதான் முதல் பாட்டு. 'மணமகள்' வசனகர்த்தாவான கருணாநிதியே அந்தப் படத்துக்கும் எழுதினார். விஸ்வநாதனின் மெட்டும் உருக்கமானது. வானொலியிலும் மெல்லிசை மேடைகளிலும் விரும்பிக் கேட்கப்பட்டது. சபா மேடைகள் குருநாதரின் மெட்டையே வைத்துக்கொண்டன.