பெண்டிர் உளநலமும் தமிழ் மரபும்: வாலாஜாபாத் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

பெண்ணின் வாழ்நாளைப் பருவங்களாகப் பகுத்து நோக்குவது தமிழ் மரபிற்குப் புதியதன்று. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுவகைப் பருவங்களை உலா இலக்கியம் வகுத்துரைக்கின்றது. பாட்டியல் நூல்கள் ஆண்டு வரையறையில் தம்முள் வேறுபடினும், பேரிளம்பெண்ணுக்கு எல்லை 40 ஆண்டு என்பதே பெருவழக்கு. அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கு அவ் வரிசையில் இடமில்லை. உலாவின் நோக்கம் தலைவன் பவனி வருங்கால் காண்பார் கொள்ளும் காதலைப் பாடுதலே ஆதலின், கணக்கு அங்கு நின்றதில் வியப்பில்லை. எனினும், பெண்ணின் உள்ளமும் மூளையும் நாற்பதோடு நின்றுவிடுவன அல்ல. இற்றை மருத்துவம் பெண்டிர் உளநலத்தை இளமை முதல் முதுமை ஈறாக ஒரு தொடராகவே காண்கின்றது. அத் தொடருக்குத் தமிழ் நூல்களில் என்ன சான்று உண்டு, அச் சான்று இன்றைய வாழ்வுக்கு யாது பயன் தரும் என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும். காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத் வட்டாரத்தை இதற்கு நிலைக்களமாகக் கொண்டோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

சங்க இலக்கியத்தில் இளம்பெண்ணொருத்தி உண்ணாது, உறங்காது, மேனி பசந்து, வளை நெகிழ்ந்து மெலிகின்றாள். தாய் கலங்குகின்றாள். கட்டுவிச்சியை அழைத்து நெற்குறி பார்க்கின்றாள். வேலனை அழைத்துக் கழங்கு இடுவிக்கின்றாள். முருகு அணங்கிற்று என்று வேலன் கூறுகின்றான். களம் இழைத்து, மறி அறுத்து, இரவெல்லாம் வெறியாட்டு நிகழ்கின்றது. இத் துறையைப் பாடிய சிறப்பால் 'வெறிபாடிய' என்னும் அடைமொழி பெற்றார் காமக்கண்ணியார். அவர்தம் அகநானூற்று 22ஆம் பாடலில், வேலன் வெறியாடிய அவ்விரவில் தலைவன் வந்து கூடுதலால் தலைவியின் நோய் தணிகின்றது. வீடு வேலனைப் புகழத் தலைவி தனக்குள் நகைத்துக்கொள்கின்றாள்.

நோயுற்றவள் அறிந்த உண்மை ஒன்று. நோய் தீர்ப்பார் கூறும் காரணம் பிறிதொன்று. இவ் வேறுபாட்டை நம் முன்னோர் தெளிவாகக் கண்டிருந்தனர் என்பதற்கு இப் பாடல் தக்க சான்றாகும். குறுந்தொகையில் ஔவையார் பாடிய 23ஆம் பாடலில், கட்டுவிச்சி பாடும் பாட்டினூடே தலைவனுடைய குன்றைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகின்றாள். கேட்கும் செவிலிக்கு உண்மை புலப்படுகின்றது. 261 அடிகளையுடைய குறிஞ்சிப்பாட்டு முழுவதும், தலைவியின் நோய்க்குக் காரணத்தைத் தோழி செவிலிக்கு எடுத்துரைக்கும் பேச்சாகவே அமைந்துள்ளது. இதனையே 'அறத்தொடு நிற்றல்' என்பர்.

ஈண்டு ஒரு தடை எழலாம். காமநோய் என்பது நாடக வழக்குப்பற்றிய புனைந்துரை. அதனை மனநோயொடு வைத்தெண்ணுதல் பொருந்துமோ எனின், யாம் அவை இரண்டையும் ஒன்றெனக் கூறவில்லை. காமநோய் மனநோய் அன்று. ஆயின், பெண்ணொருத்தியின் துயரை ஒரு குடும்பம் எவ்வாறு புரிந்துகொள்ள முயன்றது என்னும் முறைமை உலகியல் வழக்கிலிருந்து கொள்ளப்பட்டதே. அம் முறைமையில் மூவர் உளர். துயருற்றவள் பேச இயலாள். தாய் அஞ்சிப் பரிகாரம் தேடுவாள். தோழி கேட்டறிந்து பேசுவாள். மூவருள் நோய் தீர வழி செய்பவள் தோழியே.

இம் மரபின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. தோழியின் பேச்சு எப்போதும் வரைவில் முடிகின்றது. காதலன் இல்லாத துயருக்கு அவளிடம் மொழி இல்லை. குறுந்தொகை 28இல் ஔவையார் காட்டும் தலைவி, தன் நோயறியாது உறங்கும் ஊரைக் கண்டு என் செய்வேன் எனத் திகைக்கின்றாள். அப் பாடலில் தோழியின் குரலும் கேட்கவில்லை.

மணிமேகலை காட்டுவன

காதலின் வேறாகிய பெண்துயரங்களைக் காண மணிமேகலைக்கு வருதல் வேண்டும். காயசண்டிகை யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் பன்னீராண்டு வருந்துகின்றாள். அவளுக்கு வெறியாட்டு எடுப்பார் இல்லை. மணிமேகலை அமுதசுரபியின் உணவையே மருந்தாக அளிக்கின்றாள். சிறைவிடு காதையில் பிறிதொரு நிகழ்ச்சி உண்டு. மகனை இழந்த அரசமாதேவி, மணிமேகலையைச் சிறையிட்டு, அறிவு திரியச் செய்யும் மருந்தை ஊட்டுகின்றாள். பழம்பிறப்புணர்ந்த மணிமேகலையின் அறிவு திரியவில்லை. பெண்ணொருத்தியைப் பித்தியாக்கி ஒதுக்கிவிட இயலும் என்னும் எண்ணம் அரண்மனைக்குள்ளும் இருந்தது என்பதைச் சாத்தனார் நன்கு அறிந்திருந்தார். அவ்வாறு செய்த அரசியும் மகவிழந்த துயரால் நிலைதிரிந்தவள் என்பதையும் அவர் மறக்கவில்லை. அவளை ஒறுக்காது, மணிமேகலை அறவுரையால் தெளிவிக்கின்றாள்.

இக் காப்பியம் முடிவெய்துவது கச்சிமாநகரில். வற்கடத்தால் வாடிய அந் நகரில் மணிமேகலை பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், முடம்பட்டோர், பேணுவார் அற்றோர், பிணியுற்றோர் ஆகியோர்க்கு உணவளிக்கின்றாள். அந் நகரின் கிழக்கே, பாலாற்றங்கரையில், பழைய சீவரத்தை அடுத்து அமைந்ததே யாம் எடுத்துக்கொண்ட வாலாஜாபாத்.

காப்பகம் முதல் மருத்துவமனை வரை

சித்த மருத்துவ மரபு மனநோயைக் 'கிரிகை' என வழங்கிப் பதினெண் வகையாகப் பகுத்தது. அது உடலின் வளி, அழல், ஐயங்களொடு மனத்தை இணைத்துக் கண்டமையின், பேயேற்றம் என்னும் கருத்தினின்று வேறுபட்டதோர் நெறியாகும். எனினும் ஊர் வழக்கில் இரண்டும் ஒருங்கே நிலவின.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரைப் பெற்ற வாலாஜாபாத், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் படைமுகாமாக விளங்கியது. அதே காலத்தில், 1794இல், சென்னையில் அறுவை மருத்துவர் வாலண்டைன் கானலி என்பார் மனநோயாளர்க்கென ஒரு காப்பகத்தை 16 பேருடன் தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துப் புதிய இடத்திற்குப் பெயர்ந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரை அடைத்துக் காத்தலையே முதன்மையாகக் கருதிற்று. வேலன் அழைத்த கடவுளின் இடத்தில் நீதிபதியின் ஆணை வந்தது. அவ் வழியிலும் நோயாளியின் சொல்லைக் கேட்பார் அரியர்.

இந் நிலை மாறத் தொடங்கியதில் ஒரு பெண்ணின் பங்கு பெரிது. 1923இல் மங்களூரிற் பிறந்த மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், நோயாளர்க்குப் புறநோயாளர் சேவையும் தொழிற் பயிற்சியும் மறுவாழ்வும் வேண்டும் என்று உழைத்தார். 1984இல் மருத்துவர் ரா. தாரா முதலியோருடன் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். மனச்சிதைவுற்ற பெண்டிர் கணவராற் கைவிடப்பட்டுப் பெற்றோரிடம் மீளும் நிலையை இந் நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியுள்ளனர். நோய் ஒன்று, நோயினால் வரும் புறக்கணிப்பு மற்றொன்று எனப் பெண்ணுக்குச் சுமை இரட்டித்தலை அவ் ஆய்வு புலப்படுத்திற்று.

1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இளம்பெண்டிர் இருவர், தெருவில் அலையும் மனநோயுற்ற பெண்களுக்கெனச் சென்னையில் 'பேனியன்' அமைப்பைத் தொடங்கினர். அதன் இல்லத்திற்கு இட்ட பெயர் 'அடைக்கலம்'. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் காதையின் பெயரை அறிந்தோர்க்கு இச் சொல்லின் ஆழம் விளங்கும்.

ஆயினும் பழைய வழி மறைந்துவிடவில்லை. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், கொட்டகையொன்றில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கிரையாயினர். வெறியாட்டுக் களத்தில் தலைவி நகைக்க முடிந்தது. ஏர்வாடியிற் பிணிக்கப்பட்டோர்க்கு ஓடவும் இயலவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்து, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டலை உரிமையாக்கியது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தோழி ஆற்றிய தொண்டினைச் சட்டம் இன்று ஏற்றுக்கொண்டது எனலாம்.

வாலாஜாபாத் வட்டாரம்

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் சாலை ஒரகடத்தின் வழியே செல்கின்றது. மற்றொரு சாலை சுங்குவார்சத்திரத்தை அடைகின்றது. நெல்வயலும் ஏரியுமாக இருந்த இந் நிலம் கடந்த கால் நூற்றாண்டில் தொழிற்சாலைகளின் நிலமாயிற்று. 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை செய்தோருள் பெரும்பகுதியினர் இளம்பெண்டிர். அதன்பின் வந்த மின்னணுத் தொழிற்சாலைகளிலும் இதுவே நிலை. உலாநூலார் மடந்தை என்றும் அரிவை என்றும் கூறும் பருவத்தினர் ஆயிரக்கணக்கில் ஊரையும் தாயையும் பிரிந்து, விடுதிகளில் தங்கி, முறைமாற்றி இரவுப் பணி புரிகின்றனர். உடலின் இயல்பான உறக்கவொழுங்கு இரவுப் பணியாற் குலைதலும், அதனால் மனச்சோர்வு மிகுதலும் மருத்துவர் பலரும் உடன்படும் உண்மை. ஆடவரினும் பெண்டிரிடை மனச்சோர்வு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

2021 டிசம்பரில் நிகழ்ந்த ஒன்றை வரலாற்று மாணவர் மறத்தல் கூடாது. சுங்குவார்சத்திரத்துப் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். அவர்களுட் சிலர் இறந்தனர் என்ற செய்தி பரவிற்று, அது உண்மையன்று. ஆயின் அதனை நம்பிப் பல்லாயிரம் பெண்கள் 17ஆம் நாள் இரவிலும் மறுநாளும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தொழிற்சாலை 2022 சனவரி 12 வரை மூடப்பட்டிருந்தது. உணவே காரணம் எனக் கூறுதல் எளிது. ஆனால், உடன் உறங்கிய தோழி எங்குள்ளாள், உயிரோடு உள்ளாளா என வினவுதற்கு நம்பத்தக்க ஒருவரும் இல்லாமையே அவர்களைச் சாலைக்குக் கொணர்ந்தது என்று யாம் கருதுகின்றோம். பேசுதற்கு உரியார் பேசாதவிடத்து அலர் எழும் என்பது அகப்பொருள் கற்றார் அறிந்ததே. அதே திங்கள் 5ஆம் நாள் சாரதா மேனன் 98ஆம் அகவையில் சென்னையிற் காலமானார்.

2024 ஆகஸ்டு 17இல், வல்லம்-வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய விடுதி திறக்கப்பட்டது. காற்றும் ஒளியும் உள்ள அறை, நல்லுணவு, பாதுகாப்பு ஆகியன உளநலத்திற்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. காயசண்டிகைக்கு முதலில் வேண்டியது சோறே அன்றோ! எனினும், அறைக்கு அடுத்தபடியாக வேண்டுவது கேட்கும் செவி.

முதுமை

இனி, உலாவின் கணக்கு நின்ற இடத்திற்கு அப்பால் நோக்குவோம். 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டில், பிரிந்து வருந்தும் தலைவிக்காகப் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று விரிச்சி கேட்கின்றனர். ஆய்மகள் ஒருத்தி கன்றை ஆற்றும் நற்சொல்லைக் கேட்டு வந்து தலைவிக்கு உரைத்துத் தேற்றுகின்றனர். ஈண்டு முதுபெண்டிர் நோயாளியர் அல்லர், நோய் ஆற்றுவோர். முதுமைக்கு ஒரு பணியும் மதிப்பும் இருந்தமையை இது காட்டும்.

இக் காலத்து ஆய்வுகள் இதனொடு வைத்துப் பார்க்கத்தக்கன. இந்தியாவில் 60 அகவைக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய் உற்றவர் என 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆடவரினும் பெண்டிரிடத்தும், நகரினும் சிற்றூரிடத்தும் இது மிகுதி. 2024இல் உலக மருத்துவ அறிஞர் குழு ஒன்று, மறதிநோயைத் தூண்டுவனவற்றுள் மாற்றத்தக்கவை 14 எனக் கணக்கிட்டது. இளமையிற் கல்வியின்மை, செவிப்புலன் குறைதல், மனச்சோர்வு, தனிமை ஆகியன அவற்றுள் அடங்கும். 1951இல் இந்தியப் பெண்டிருள் எழுத்தறிவுடையோர் 8.86 விழுக்காட்டினரே, 2011இல் தமிழ்நாட்டுப் பெண்டிருள் அது 73.44 விழுக்காடு. இன்று எண்பது அகவையினளாகிய மூதாட்டி பள்ளி செல்லற்குரிய காலம் 1950களே. அன்று மறுக்கப்பட்ட பலகையும் எழுத்தும் இன்று அவள் நினைவிலிருந்து வசூலிக்கப்படுகின்றன. பேத்தி விடுதிக்குச் செல்ல, வீட்டிற் பேசுவாரின்றி மூதாட்டி தங்குவாளாயின், கல்வியின்மையொடு தனிமையும் சேர்கின்றது. ஒரே வீட்டின் இரு பெண்கள் சாலையின் இரு முனைகளில் ஒரே குறையை, கேட்பாரின்மையை, உறுகின்றனர்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. பெண்ணின் உளத்துயருக்குக் காரணம் அவள் வாழ்நிலையில் உண்டு என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர், இது ஒன்று. காரணத்தை அறிதற்கு வழி துயருற்றவளைக் கேட்டலே என்பது அறத்தொடு நிற்றலால் விளங்கும், இது இரண்டு. பருவந்தோறும் கேட்போர் மாறினும் கேட்டல் ஒழியலாகாது என்பது மூன்றாவது.

தமிழ்த்துறையினர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. வெறியாட்டுத் துறையை மாணவர்க்குக் கற்பிக்கும்போது, பழங்கால நம்பிக்கை என்று கூறிக் கடந்துவிடுகின்றோம். வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியின் தமக்கை ஒரகடத்தில் இரவுப் பணி செய்பவளாக இருக்கலாம். பாட்டி பெயர்களை மறக்கத் தொடங்கியிருக்கலாம். அம் மாணவி தோழியாக நின்று பேசக் கற்றுக்கொள்வாளாயின், நாம் அகப்பொருள் கற்பித்தது வீண்போகவில்லை என்று கொள்வோம்.