வாக்கெடுப்பில் நீங்கிய நோய்

1974-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களிடையே ஒரு வாக்கெடுப்பு நடத்திற்று. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் அக்காரணத்தால் மட்டுமே மனநோயாளர் ஆகார் என்று சங்கத்தின் ஆட்சிக்குழு செய்திருந்த முடிவு நிற்கலாமா, கூடாதா என்பதே கேள்வி. ஏப்ரலில் எண்ணிப் பார்த்தபோது நிற்கலாம் என்றோர் 5,854 பேர். கூடாது என்றோர் 3,810 பேர்.

அன்றிலிருந்து இதைச் சொல்லி நகைப்போர் உண்டு. "காசநோய் உண்டா இல்லையா என்று யாரேனும் வாக்கெடுப்பார்களா? சீட்டுப் போட்டால் நோய் போய்விடுமா?" என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அது பாதிக் கேள்வி. நோய்ப் பட்டியலை விட்டு வெளியேறியபோது வாக்கெடுத்தார்கள், சரி. அப்பட்டியலுக்குள் நுழைந்தபோது எந்தச் சான்றைக் காட்டி நுழைந்தது? அந்த மறுபாதியையும் கேட்டுப் பார்ப்பதே முறை.

ஐரோப்பாவில் நெடுங்காலம் இது மருத்துவர் கையில் இருந்த பொருளே அன்று. பாதிரியாருக்கு அது பாவம், நீதிபதிக்குக் குற்றம். இங்கிலாந்தின் சட்டக் கருத்துகள் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் சென்றன. 1938-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்திலே புகுந்த 377ஏ பிரிவைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நீக்கியது 2022 நவம்பரில்தான். பிரஷிய நாட்டிலும் இத்தகைய சட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1869-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த துண்டு நூல்களில்தான் 'ஹோமோசெக்ஷுவல்' என்னும் சொல் முதன்முதல் அச்சேறியது. எழுதியவர் கெர்ட்பெனி என்ற ஹங்கேரிய எழுத்தாளர், மருத்துவரல்லர். ஒருவன் இயல்பைச் சட்டம் தண்டிப்பது தகாது என்று வாதாடுவதற்காக அவர் ஆக்கிய சொல், பின்னர் ஒரு நோயின் பெயராக மருத்துவ நூல்களில் நிலைபெற்றது. சொற்களுக்கும் தலைவிதி உண்டு போலும்!

மருத்துவர்கள் இத்துறைக்கு வந்தது இரக்கத்தோடுதான் என்பதை மறைக்கலாகாது. வியன்னாவில் புகழ்பெற்ற கிராஃப்ட்-எபிங் என்ற மனநோய் மருத்துவர் 1886-இல் 'சைக்கோபதியா செக்ஷுவாலிஸ்' என்ற நூலை வெளியிட்டார். பொதுமக்கள் படித்துவிடக் கூடாதென்று கூச்சம் தரும் பகுதிகளை லத்தீனில் எழுதிவைத்தார். அதனாலேயே நூலின் மீது ஆவல் பெருகியதோ என்னவோ, பதிப்பின்மேல் பதிப்பாக அது பருத்துக்கொண்டே வந்தது. அவர் கண்டவர்கள் யார்? நீதிமன்றத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள், மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டவர்கள், துயரம் தாளாமல் தாமே தேடி வந்தவர்கள். இவர்களைப் பார்த்து இது பிறவி நரம்புத் தளர்ச்சியின் விளைவு, இதைத் தண்டிப்பது தகாது என்று அவர் எழுதினார். பாவி என்பதைவிட நோயாளி என்பது மேலல்லவா? அன்று பலருக்கும் அவ்வாறே பட்டது. குற்றவாளியின் தண்டனைக்கு ஒரு கெடு உண்டு, நோயாளி என்று பெயர் பெற்றவனுக்கோ குணமாகும்வரை விடுதலையில்லை என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுத்துரைத்தவர்களும் இருந்தனர். பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் என்ற மருத்துவர் 1919-இல் பாலியல் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையமே அமைத்தார். 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடி, அதன் நூல்களைத் தெருவில் கொளுத்தினர். உளப்பகுப்பின் தந்தையான பிராய்டு, தம் மகனைப் பற்றிக் கவலையுற்று எழுதிய ஓர் அமெரிக்கத் தாய்க்கு 1935-இல் விடை எழுதினார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதை நோயென்று வகைப்படுத்த இயலாது என்பது அக்கடிதத்தின் சாரம். வேடிக்கை என்னவென்றால், பிராய்டின் பெயரைச் சொல்லியே தொழில் நடத்திய அமெரிக்க உளப்பகுப்பாளர் பலர் அடுத்த முப்பதாண்டுகளில் நேர்மாறான வழியில் சென்றனர்.

1952-இல் அமெரிக்கச் சங்கம் மனநோய்களுக்கென்று முதல் பட்டியல் நூலை வெளியிட்டபோது, தன்பால் ஈர்ப்பு அதில் சமூகத்தோடு ஒவ்வாத ஆளுமைக் கோளாறு என்ற தலைப்பின்கீழ் இடம்பெற்றது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைப் பாலியல் பிறழ்ச்சிகளின் வரிசைக்கு மாற்றி, 302.0 என்று எண்ணும் இட்டது.

ஓர் எண் என்ன செய்துவிடும் என்று வாசகர் நினைக்கலாம். 1952-இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 'மனக்கோளாறான ஆளுமை' உடையோரை நாட்டுக்குள் விடலாகாது என்றது. அச்சொல் தன்பால் ஈர்ப்புடையோரையும் குறிக்கும் என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1953-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் பிறப்பித்த ஆணையால் பல அரசாங்க ஊழியர் வேலை இழந்தனர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற வானநூல் அறிஞர் பிராங்க் கெமனி ராணுவ நிலப்பட அலுவலகத்திலிருந்து 1957-இல் நீக்கப்பட்டதும் இக்காரணத்தால்தான். மருத்துவமனைகளிலோ, ஆண்களின் படங்களைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்து வெறுப்பூட்டும் 'சிகிச்சை'கள் நடந்தன.

இத்தனைக்கும் அடிப்படையான சான்று யாது? 1962-இல் இர்விங் பீபர் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியை எடுத்துக் காட்டுவர். 106 தன்பால் ஈர்ப்புடைய ஆண்களை 100 பிற ஆண்களோடு ஒப்பிட்டு, மகனை இறுகப் பற்றும் தாயும் எட்டி நிற்கும் தந்தையுமே காரணம் என்று அது முடிவு கூறியது. ஆனால் அந்த 206 பேரும் உளப்பகுப்புச் சிகிச்சைக்கு வந்திருந்த நோயாளிகள்! மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, ஊரில் உள்ளோர் எல்லாரும் நோயாளிகளே என்று கணக்கெடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இந்த ஓட்டையைப் பீபருக்கு முன்னமே கண்டவர் ஒரு பெண்மணி. கலிபோர்னியாவில் உளநூல் கற்பித்துவந்த எவலின் ஹூக்கரிடம் பழைய மாணவர் ஒருவர் 1940-களில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: "எங்களைப் போன்றோரையும் ஆராய்ந்து பாருங்கள், நாங்கள் வைத்தியரிடம் போகிறவர்களல்லர்." 1953-இல் அரசாங்க மனநல நிறுவனத்தின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. தன்பால் ஈர்ப்புடைய ஆண்கள் 30 பேரைத் தேர்ந்தெடுத்தார். மனநோய்ச் சிகிச்சை பெறுவோரை விலக்கினார். அவர்களுக்கு வயதிலும் கல்வியிலும் அறிவுத்திறனிலும் இணையான மற்ற ஆண்கள் 30 பேரையும் தேடிப் பிடித்தார். பின்னதுதான் கடினமாக இருந்ததாம். இத்தகைய ஆராய்ச்சிக்கு எந்த ஆண்மகன் துணிந்து முன்வருவான்?

மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உட்பட மூன்று சோதனைகளை அறுபது பேரிடமும் நடத்தினார். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, விடைகளை அத்துறையின் வல்லுநர் மூவரிடம் ஒப்படைத்தார். அவர்களுள் புருனோ கிளாப்பர் அமெரிக்காவில் ரோர்ஷாக் சோதனையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். நோய் உண்மையில் இருக்குமானால் அவர் கண்ணுக்குத் தப்புமா? இணை இணையாக விடைகளை வைத்து, இவ்விருவருள் தன்பால் ஈர்ப்புடையவர் யார் என்று கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட மேலாக அவர்களால் சொல்ல முடியவில்லை. மன ஒழுங்கை மதிப்பிட்டதிலும் இரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு தென்படவில்லை. 1956-இல் சிகாகோவில் படித்து, 1957-இல் அச்சிட்ட கட்டுரை இது. ஆயினும் பதினொரு ஆண்டுகள் கழித்து வந்த பட்டியல் நூலில் அந்த நோய் அப்படியே இருந்தது. பட்டியல் எழுதுவோருக்குத் தம் நோயாளிகளே போதுமானவர்களாக இருந்தனர்.

இனி முகமூடி அணிந்த மருத்துவரின் கதை. 1970-இல் சான்பிரான்சிஸ்கோவிலும் 1971-இல் வாஷிங்டனிலும் நடந்த சங்கத்தின் ஆண்டு மாநாடுகளில் கிளர்ச்சிக்காரர் புகுந்து கூச்சலிட்டனர். வாஷிங்டனில் ஒலிபெருக்கியைப் பறித்துப் பேசியவர் முன்னர்க் குறிப்பிட்ட கெமனியேதான். அதன் பயனாக 1972 மே மாதம் டல்லாஸ் மாநாட்டில் அவர்களுக்கும் மேடை தரப்பட்டது. அப்போது பார்பரா கிட்டிங்ஸ் என்ற கிளர்ச்சித் தலைவியின் துணைவிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மேடையில் மருத்துவரும் உண்டு, தன்பால் ஈர்ப்புடையோரும் உண்டு. இரண்டுமாக இருக்கும் ஒருவரை ஏன் ஏற்றக்கூடாது? கிட்டிங்ஸ் பலரைக் கேட்டார், எல்லாரும் மறுத்தனர். பிலடெல்பியாவின் ஜான் பிரையர் மட்டும் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்.

ரப்பர் முகமூடி, பொய்முடி, அளவுக்கு மீறிப் பெரிதான மேலங்கி, குரலை மாற்றிக் காட்டும் ஒலிவாங்கி ஆகியவற்றோடு, 'டாக்டர் எச். அனானிமஸ்' என்ற பெயரில் அவர் மேடையேறினார். தாம் தன்பால் ஈர்ப்புடையவர், மனநோய் மருத்துவரும் ஆவார் என்று தொடங்கினார். தம்மைப் போன்றோர் சங்கத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உளர் என்றும், பகலெல்லாம் வேடம் பூண்டு வாழ்வதால் அவர்கள் இழப்பது தம் மனிதத் தன்மையையே என்றும் எடுத்துரைத்தார். இவருடைய இயல்பு தெரிந்தமையால் இவரை முன்பு வேலையிலிருந்து விலக்கிய மேலதிகாரி ஒருவர் அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தாராம்; பேசுபவர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாளில் பிரையரே சொன்ன செய்தி இது. அவர் முகமூடியைக் கழற்றி, தாமே அந்த டாக்டர் என்று சங்கத்தின்முன் வெளிப்படுத்தியது 22 ஆண்டுகளுக்குப் பின், 1994-இல்.

இதன்பின் காரியம் விரைந்து நடந்தது. பட்டியல் குழுவைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பிட்சர் இரு தரப்பையும் கேட்டார். மற்றவர்கள் கேட்காத ஓர் அடிப்படைக் கேள்வியை அவர் எழுப்பினார்: மனநோய் என்றால்தான் என்ன? ஒன்று அது உடையவனுக்குத் துன்பம் தரவேண்டும்; அல்லது அவன் வாழ்க்கை நடத்தும் ஆற்றலைப் பொதுவாகக் கெடுக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதது எப்படி நோயாகும்? 1973 டிசம்பர் 15-இல் ஆட்சிக்குழு 13 பேர் ஆதரிக்க, எதிர்ப்பவர் எவருமின்றி, அதைப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. இருவர் வாக்களிக்கவில்லை. இனி, நகைப்போர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அனைவரிடமும் வாக்கெடுக்க வேண்டும் என்று கையொப்பம் திரட்டியவர்கள், நோயை நீக்க விரும்பியோர் அல்லர். அதை வைத்திருக்க விரும்பிய சோகரைடிஸ் முதலிய உளப்பகுப்பாளர்களே. வாக்கில் தோற்ற பிறகுதான், அறிவியலை வாக்கால் முடிவு செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது.

நீக்கம் முழுமையாகவும் இல்லை. தன் ஈர்ப்பைக் குறித்துத் தானே வருந்துவோர்க்கென்று ஒரு பெயர் பட்டியலில் எஞ்சி நின்று, 1980-இல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு, 1987-இல்தான் விலகியது. உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்கியது 1990 மே 17-இல்.

ஸ்பிட்சரின் வாழ்க்கையிலே ஒரு பின்கதை உண்டு. 2001-இல் அவரே ஓர் ஆராய்ச்சியை முன்வைத்தார். ஈர்ப்பை மாற்றிக்கொண்டதாகக் கூறிய 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடியும் என்று முடிவு கூறினார். அந்த 200 பேரில் பெரும்பாலோரை அனுப்பியவர்கள், அத்தகைய மாற்றத்தையே தொழிலாகக் கொண்ட மத அமைப்புகளும் மருத்துவர்களும். ஹூக்கர் அடைத்த ஓட்டை மீண்டும் திறந்துகொண்டது. திறந்தவரோ முன்பு அதை மூட உதவியவர். 2012-இல், எண்பது வயதை எட்டும் காலத்தில், தம் முடிவுக்கு ஆதாரம் போதாது என்று ஒப்புக்கொண்டு, அதை நம்பி வீண் சிகிச்சைக்குப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அறிஞர் உலகில் இது அரிய செயல்.

பாலின அடையாளத்தின் வரலாறு இத்துணை நேராகச் செல்லவில்லை. நம் தொல்காப்பியருக்கும் இந்த வகைப்பாட்டுச் சிக்கல் வந்ததுண்டு. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்கெனத் தனி விகுதி இல்லையென்று கண்ட அவர், அதை உயர்திணைப் பாலீறுகளாலேயே முடித்துக் காட்டினார். அவருக்கு அது இலக்கணச் சிக்கல், நோயன்று. அமெரிக்கப் பட்டியலில் இன்று திருநர் என்று நாம் அழைப்போரின் நிலை 1980-இல், அதாவது தன்பால் ஈர்ப்பு நீங்கிய சில ஆண்டுகளிலேயே, ஒரு நோயாக நுழைந்தது. 1994-இல் 'பாலின அடையாளக் கோளாறு' என்றும், 2013-இல் கோளாறு என்ற சொல்லை விட்டு, அடையாளத்திற்கும் உடலுக்கும் உள்ள ஒவ்வாமையால் எழும் துயர் என்றும் பெயர் மாறியது.

ஏன் அறவே நீக்கவில்லை? தன்பால் ஈர்ப்புடையவருக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. தம்மை விட்டுவிட்டால் போதும். திருநர் பலருக்கோ இயக்குநீர் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படுகின்றன. நோய்ப்பெயர் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனம் பணம் தராது, மருத்துவமனையும் தயங்கும். அவமதிக்கும் பெயரே கதவைத் திறக்கும் சாவியாகவும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பதினோராம் பட்டியலில், அந்நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்து, பாலியல் உடல்நலம் பற்றிய பகுதியில் சேர்த்தது. பெயரும் இருக்கிறது, மனநோய் என்ற முத்திரையும் இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் நூலோ 2022-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் அதை மனநோய்களுக்கிடையே வைத்திருக்கிறது.